தட்டு இருந்த பக்கம்

என் மனைவி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அண்ணன் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்: ஒரு மணி நேரம் சும்மா நின்று மூன்று தடவை தட்டுகிற வேலை. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நகர இசைக்குழுவில் அவள் கடைசி வரிசை. முன்னால் வயலின்காரர்கள் வியர்த்துக் கொட்ட இழுத்துக்கொண்டிருக்க, இவள் பின்னால் நின்று தாளச் சுற்றுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாள். நூற்று இருபது சுற்று எண்ணிவிட்டு ஒரு தட்டு. எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். சும்மா நிற்பதாம். மச்சான் ஒரு நாள் நின்று பார்க்கட்டும், தெரியும்.

அண்ணன் அவளைக் கூப்பிடுவது பாப்பா என்று. நாற்பத்து நாலு வயதுப் பாப்பா. காலையில் கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவாள், மாலையில் ஒத்திகைக்கு ஓடுவாள். நான் அவளை முதலில் பார்த்ததே அந்தச் சீட்டு எழுதும் மேஜையில்தான். தலைவலி தாங்காமல் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கை விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தும்மா, மண்டை வெடிக்கிறது என்றேன். மன்னிப்புக் கேட்டு நிறுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் கீழே கால் ஆரம்பித்துவிட்டது. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டேன்.

இசைக்குழுவில் அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிகம். கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்கலாம். நிகழ்ச்சித் தாளில் பெயர் வராது. நிரந்தர இடத்தில் இருந்தவர் போன வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றார். அந்த ஒரே இடத்துக்குத் தேர்வு அறிவித்தார்கள். நாற்பத்தைந்து முடிந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. தேர்வு நாளுக்கும் இவளுடைய நாற்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கும் இடையில் ஆறு வாரம்தான் இருந்தது. இந்தத் தடவை இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் துணி மடித்துக்கொண்டே, ஏதோ சோப்புத் தீர்ந்துவிட்டது என்கிற குரலில். 

தேர்வுக்குக் கொடுத்திருந்த உருப்படி பதினோரு நிமிஷம். ஓர் ஆள், ஒன்பது கருவி. இடப்பக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்: இரண்டு மரக்கட்டைகள், சின்னதிலிருந்து பெரியதுவரை ஐந்து டிரம், ஒரு லாரிச் சக்கரத்தின் பழைய இரும்பு பிரேக் டிரம், வலக்கோடியில் மரச்சட்டத்தில் தொங்கும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த வெண்கலத் தட்டு. வீட்டில் எல்லோரும் அதைத் தட்டு என்றே சொன்னோம். நடுவில் அவள் நிற்பாள். பாதி வளையமாகச் சுற்றி இவை நிற்கும்.

ஏழு மாதம் எங்கள் படுக்கையறை படுக்கையறையாக இல்லை. கட்டிலைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்துவிட்டு, நாங்கள் கூடத்தில் படுத்தோம். கீழ்வீட்டில் இருந்தவர் இரவு முழுக்க டாக்சி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மேலே ஏறி வந்து சண்டை போடவில்லை, பாவம்; கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். மாலை ஐந்திலிருந்து ஏழுவரை என்று ஒப்பந்தம் ஆயிற்று. மற்ற நேரத்துக்கு டிரம்கள் மேல் துவாலை போர்த்தினாள். தட்டுக்குப் பதில், அதே உயரத்தில் ஒரு தலையணையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். தலையணையை ஒரு மனுஷி அத்தனை மரியாதையோடு அடித்து நான் பார்த்ததில்லை.

சாதகம் என்றால் முழு உருப்படியையும் வாசிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் மாதம் அவள் வாசிக்கவே இல்லை. நடந்தாள். எந்த அடிக்கு எந்தக் காலில் பாரம் இருக்க வேண்டும், எந்தக் காலைத் திருப்பினால் கை தட்டுவரை எட்டும் என்று வெறும் நடை. அடிக்கிறது கைதான், ஆனால் கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது கால் என்பாள். தரையில் ஒவ்வொரு தாங்கிக்கும் சாக்பீஸால் குறி போட்டிருந்தாள். கூட்டுகிறேன் என்று ஒரு நாள் நான் அதை அழித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. பிறகு ஒரு வாரம் முழுக்கக் குச்சி மாற்றினாள். பஞ்சு சுற்றிய குச்சி இரண்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, மரக்குச்சி இரண்டைச் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். வைப்பாள், எடுப்பாள், வைப்பாள், எடுப்பாள். பைத்தியம் பிடித்தது எனக்குத்தான்.

வேகத்தை அவள் கூட்டிய விதமும் அப்படித்தான். தாளம் எண்ணிக் காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு நாற்பதில் வைத்து ஆரம்பிப்பாள். ஒரு பகுதியைப் பத்துத் தடவை பிசகில்லாமல் வாசித்தால் நாற்பத்திரண்டு. ஒன்பதாவது தடவை பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து. நான் அலுவலகம் விட்டு வந்து, கதவோரம் நாற்காலி போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். பத்துவரை எண்ணுவது என் வேலை. ஒன்பதில் அவள் பிசகும்போது எனக்கு வரும் ஆத்திரத்தை அவளிடம் காட்ட முடியாது, நாற்காலியிடம் காட்டுவேன்.

ஏழாவது நிமிஷத்தில் ஓர் இடம் இருந்தது. அதற்குப் பெயரே வைத்துவிட்டோம், கண்டம். இடக்கை ஒன்றே பெரிய டிரம்மில் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டிருக்க வேண்டும், மழை மாதிரி, ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. அதே நேரம் வலக்கை பிரேக் டிரம்முக்கும் தட்டுக்கும் போய்ப் போய் வர வேண்டும். நாற்பத்தைந்து வினாடி. உருட்டல் ஒரு கணம் அறுந்தாலும் தேர்வில் அதைத்தான் முதலில் குறிப்பார்கள் என்று சொல்லியிருந்தாள். ஐந்து மாதம் அறுந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு சீட்டு எழுதப் போனாள். விட்டுத் தொலை என்று நான் ஒரு நாள் கத்திவிட்டேன். அவள் மறுபடி நாற்பதில் ஆரம்பித்தாள். ஆறாவது மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை அறுக்காமல் வாசித்தாள். மறுநாளும். அதன்பின் அறுக்கவே இல்லை.

இப்போது என் பெருமையைச் சொல்லியாக வேண்டும். நான் கட்டடம் கட்டுகிறவர்களிடம் படம் வரைகிறவன். இருபத்தாறு வருஷம். நான் வரைந்து ஒரு சுவர் இடம் மாறி எழும்பியதில்லை, ஒரு கதவு தப்பான பக்கம் திறந்ததில்லை. தேர்வு விதிகளோடு ஒரு படிவம் வந்திருந்தது. நடுவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியக்கூடாது என்பதால் வாசிப்பவர் வாயே திறக்கக்கூடாது, வெறும் எண்தான். கருவிகளை அரங்கத்து ஆட்களே, நாம் தரும் படத்தைப் பார்த்து முன்கூட்டி வைத்துவிடுவார்கள். உள்ளே போனால் சரிசெய்துகொள்ள இரண்டு நிமிஷம், அதையும் ஒண்டியாளாகத்தான் செய்ய வேண்டும். படிவத்தின் அடியில், வாசிப்பவர் நிற்கும் இடம் என்று ஒரு சின்ன வட்டம் அச்சடித்திருந்தது. அவள் வரைந்த டிரம் மூடி போட்ட பக்கெட் மாதிரி இருந்தது. நகரு, இது என் தொழில் என்று பிடுங்கிக்கொண்டேன்.

அளவுகோல் வைத்து, தாங்கிகளின் இடைவெளி சென்டிமீட்டர் கணக்கில் எழுதி, அச்சுப் போல வரைந்தேன். அவள் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தாள். தட்டு, பிரேக் டிரம், அஞ்சு, ரெண்டு கட்டை, எல்லாம் இருக்கு என்றாள். தாளை அங்கிருந்தே இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

தேர்வு அன்று மச்சான் தன் வேனில் எங்களை அழைத்துப் போனார். கருவிகள் முந்தின நாளே அரங்கம் போய்விட்டன. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். மூன்று தடவை தட்டுகிறவளுக்கு இன்றைக்குக் கை நிறைய வேலை என்றார். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. மடியில் இரண்டு கையும் மல்லாந்து கிடந்தன. அவள் விரல்கள் சும்மா இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

அரங்கத்துக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சுவரோரம் நாற்காலிகள். பதினான்கு பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் இவளில் பாதி வயது. இவளுக்கு ஒன்பதாம் எண். கைப்பேசிகளை வாங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். எட்டாம் எண் முடிந்து, உள்ளே கருவிகளை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. கதவு திறந்தது. அவள் செருப்பைக் கழற்றி என் காலடியில் வைத்தாள். காலடிச் சத்தமும் கேட்கக்கூடாதாம், உள்ளே கம்பளம். என்னைப் பார்க்காமல் போனாள். கதவு மூடியது.

கருவிகளை வைத்த ஆள் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் படிவங்கள். மேலே என் படம். நான் சும்மா இருந்திருக்கலாம். இது நான் வரைந்தது என்றேன்.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சு சார். ஒரு சந்தேகம் வரல" என்றார் அவர். "ஆனா தட்டை இடது கைப் பக்கம் வச்சு வாசிக்கிறவங்களை நான் இப்பத்தான் பாக்கறேன்."

இடப்பக்கம் எப்படி வரும், வலப்பக்கம்தானே என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கினேன். அடியில் வட்டம், வாசிப்பவர் நிற்கும் இடம். அந்த வட்டத்தில் நான் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். தட்டு என் இடக்கைப் பக்கம் இருந்தது. பிரேக் டிரம்மும் இடது. பெரிய டிரம்மும் இடது. எல்லாமே மாறிக் கிடந்தது.

ஏழு மாதம் நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்குத் தட்டு எப்போதும் இடப்பக்கம்தான். எங்கள் தொழிலில் எதையும் முன்னால் நின்று பார்த்தபடிதான் வரைவோம். உள்ளே இருக்கிறவனுக்கு எது இடது என்று யோசிக்கிற பழக்கமே கிடையாது. அவளும் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாளைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து பார்க்கிறவளுக்குத் தட்டு வலப்பக்கம் சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

 எழுந்து கதவுப் பக்கம் போனேன். அந்த ஆள் என் தோளைப் பிடித்து, உள்ளே போனவர் வெளியே வரும்வரை திறக்க முடியாது சார் என்றார். உள்ளே ஏதோ நகர்ந்தது. கம்பளத்தின் மேல் தாங்கி இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. டிரம்களை மாற்றுகிறாள். முதல் டிரம்மை ஐந்தாவது இடத்துக்கு, இரண்டாவதை நாலாவது இடத்துக்கு. அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும். தட்டின் சட்டத்தை ஒரு ஆளால் நகர்த்த முடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரம்களை மாற்றிவிட்டால் பெரிய டிரம் வலப்பக்கம் போய்விடும். தட்டு இடக்கோடியில். இரண்டுக்கும் நடுவே ஆறு அடி. கண்டத்தில் இடக்கை பெரிய டிரம்மை விடக்கூடாது, வலக்கை தட்டுக்குப் போக வேண்டும். மனுஷக் கைக்கு அந்த நீளம் கிடையாது. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த ஓரிடம் எப்படியோ தப்பியிருக்கும், மிச்சப் பத்து நிமிஷமும் கண்ணாடிக்குள் பார்த்து எழுதுகிற மாதிரி ஆகியிருக்கும். இரண்டு நிமிஷத்துக்குள் அவள் கணக்குப் போட்டு, கண்டத்தைக் கைவிட்டிருக்கிறாள். ஏழு மாதம் எதற்காக மணிக்கட்டில் துணி சுற்றினாளோ அந்த இடத்தை.

மணி அடித்தது. ஆரம்பித்தாள்.

வீட்டில் துண்டு துண்டாகவே கேட்ட அந்த உருப்படியை, துவாலையும் தலையணையும் இல்லாமல், நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். சந்தோஷப்பட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் நிமிஷத்தில் மரக்கட்டைகள் ஒரு நூலிழை தாமதம். அவை தப்பான பக்கம் இருக்கின்றன அல்லவா. பிறகு பிடித்துக்கொண்டாள். ஐந்து டிரம்மிலும் ஓடி இறங்கும் இடம் வந்தபோது பக்கத்தில் இருந்த பத்தாம் எண் பையன் தன் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். நாலாவது நிமிஷம் பிரேக் டிரம்மை மட்டும் அடிக்கிற பகுதி. சுத்தமாக வந்தது. ஆறாவது நிமிஷம். நான் கதவின் பித்தளைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய சாமி எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஏழாவது நிமிஷம். உருட்டல் எழுந்தது. ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. பிரேக் டிரம் அடி விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. அவள் விட்டுவிட்டாள். உருட்டலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தட்டு அடி வர வேண்டிய இடம் வந்தது, போனது. போகட்டும், தட்டே இல்லாமல் முடித்துவிடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உருட்டல் அறுந்தது.

நான் எண்ணினேன். எண்ணத்தானே எனக்குத் தெரியும். ஒன்று. இரண்டு. தட்டு அதிர்ந்தது, கதவு நடுங்குகிற அளவுக்கு. மூன்று. நாலு. உருட்டல் திரும்ப வந்தது. ஆறு அடி போய், அடித்து, ஆறு அடி திரும்பியிருக்கிறாள். தட்டில்லாமல் அந்த இடத்தைத் தாண்ட அவளுக்கு மனம் வரவில்லை. மிச்ச நாலு நிமிஷம் நான் நன்றாகக் கேட்கவில்லை. நன்றாகத்தான் வாசித்தாள் என்று பிறகு பத்தாம் எண் பையன் சொன்னான்.

வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடப் போடவில்லை. அதற்குள் இசைக்குழுவின் செயலாளர் அம்மாள் வேகமாக வந்தார். கருவிகளை இழுக்கும் சத்தம் நடுவர்களுக்குக் கேட்டிருக்கிறது. ஆட்கள் தப்பாக வைத்துவிட்டார்களா என்று கேட்டார். அப்படியானால் விதிப்படி மாலை நாலு மணிக்கு உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, சொல்லுங்கள் என்றார்.

கருவி வைத்த ஆள் எழுந்து நின்றார். அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. தாழ்வாரக் கோடியில் உட்கார்ந்திருந்த மச்சான் முன்னால் பாய்ந்து, பின்னே என்னம்மா, எங்கள் பாப்பா தப்பாகச் சொல்லியிருப்பாளா, உங்கள் ஆட்கள்தான் என்றார். செயலாளர் படிவத்தை வாங்கி என் மனைவியிடம் நீட்டினார்.

அவள் தாளை நேராகப் பிடித்துப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான் வரைந்தேன் என்று சொல்ல அது போதுமான நேரம். வாய் கிழியப் பேசுகிறவன் நான். கீழ்வீட்டுக்காரர், அலுவலகம், மச்சான், யாரையும் விட்டுவைக்காதவன். குனிந்து அவளுடைய வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா, நாலு மணிக்கு இன்னொரு தடவை கிடைத்துவிடாதா என்றும் ஒரு நினைப்பு. அந்த ஆளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதைச் சொல்லவே கூசுகிறது.

"இல்லைங்க" என்றாள் அவள். "படத்துல இருக்கிறபடிதான் வச்சிருக்காங்க. கையெழுத்து என்னோடது."

அப்படியானால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று செயலாளர் போய்விட்டார். அந்த ஆள் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பத்தாம் எண்ணுக்குக் கருவி வைக்க உள்ளே போனார்.

மூன்றரை மணிக்கு முடிவு சொன்னார்கள். நாலாம் எண்ணுக்கு இடம். எல்லோருக்கும் நடுவர் குறிப்பு எழுதிய ஒரு சீட்டு தந்தார்கள். அவளுடையதில் இரண்டு வரி. தாளமும் கட்டுப்பாடும் மிகச் சிறப்பு. ஏழாவது நிமிஷத்தில் தொடர் உருட்டல் அறுந்தது. அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வேனில் ஏறினோம். இரண்டு சிக்னல் தாண்டியதும் மச்சானால் அடக்க முடியவில்லை. ஏழு மாசம் உயிரைக் கொடுத்தவளுக்கு இப்படியா, எந்த முட்டாள் வரைந்தான் அந்தப் படத்தை என்று ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீடு போய்ச் சேரும்வரை மாட்டாள், அதன்பிறகும் மாட்டாள்.

"நான்தான் மச்சான்" என்றேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.  எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துவிடு, உன் இடத்தை நான் தொலைத்துவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"படம் தப்பாப் போனதுக்கு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அதை விடுங்க" என்றாள். "இப்பச் சொன்னீங்களே, இதை அங்க சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தாலும் அந்த இடம் கிடைச்சிருக்காது. ஆனா நான் அங்க தனியா நின்னிருக்க மாட்டேன்."